பெற்றோர் தரும் சமயமும் பிறர் தரும் வெறியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)

 

மதவெறியைப் பற்றியும், பெற்றோர் தம் மக்களுக்குச் சமயத்தைக் கையளிக்கும் முறையைப் பற்றியும் பேசுமாறு மன்றச் செயலாளர் பணித்தபோது நாம் சிறிது தயங்கினோம். காலையில் மிஷன் பாடசாலையிற் கிறிஸ்தவ கீதம் பாடி, மாலையில் தோட்டத்து மாரியம்மன் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்தவர் நாம். இந்து இளைஞர் மேடையில் நின்று சமயத்தைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று சபையோரில் ஒருவர் நினைப்பின் அது குற்றமன்று. ஆயினும் இரு வாசல்களிலும் நின்று பார்த்தவர் கண்டதைச் சொல்வது மன்றத்துக்குப் பயன்படக்கூடும் என்று தேறி இங்கு வந்தோம்.

மதவெறி என்ற சொல் காதில் விழுந்ததும் நம் மனம் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கின்றது. அது மனித இயல்பு. நாமும் முதலில் அடுத்த வீட்டைப் பார்ப்போம்; பின்னர் நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

2019 ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் பெரிய ஹோட்டல்கள் மூன்றிலும் குண்டுகள் வெடித்தன. 260 பேருக்கு மேல் மாண்டனர். சீயோன் தேவாலயத்தில் மாண்டவருட் பலர் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறுவர். அன்று பிற்பகல் தெமட்டகொடையில், தாக்குதல் நடத்திய ஒருவரின் மனைவி தம் பிள்ளைகளோடு குண்டை வெடிக்கச் செய்து இறந்தார். விசாரிக்கச் சென்ற பொலிஸ் உத்தியோகத்தர் மூவரும் இறந்தனர். ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26 ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதில் ஒரு வீட்டைப் படையினர் சூழ்ந்தபோது, குழுத் தலைவர் சஹ்ரானின் தந்தையும் சகோதரர்களும் அதே வழியைத் தேடிக்கொண்டனர். அவ்விரவு அங்கே மாண்ட 15 பேரில் 6 பேர் சிறுவர்.

தாய்மார்களே, சிறிது எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்குச் சோறூட்டி, தலைவாரி, தொழுகைக்குக் கைகளைக் கழுவக் கற்றுக் கொடுத்த பெற்றோரே அப்பிள்ளையைத் தம்மோடு சாவுக்கு அழைத்துச் சென்றனர். தாம் நம்பியதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்றே அவர்கள் எண்ணியிருப்பர்.

அவர்கள் சமயமே அப்படிப்பட்டது என்று கூறி எழுந்து போவது எளிது. ஆனால் உண்மை அவ்வாறு இல்லை. மாணவப் பருவத்திலேயே சஹ்ரானை வெளியேற்றியது காத்தான்குடி அரபுக் கல்லூரி. பின்னாளில் அவரைப் பற்றிப் பொலிசாரிடம் முறையிட்டவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே. குண்டுதாரிகளின் உடல்களைத் தம் மையவாடிகளில் ஏற்பதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. வறுமையாலும் கல்வியின்மையாலும் நேர்ந்தது என்றும் கூற முடியாது. குண்டுதாரிகளில் இருவர் செல்வக் குடும்பத்துச் சகோதரர்; ஒருவர் மேல்நாடு சென்று கற்றவர். பின் எங்கிருந்து கற்றனர்? மதரசாவும் பள்ளிவாசலும் வெளியேற்றிய மனிதரின் பேச்சு, கைத்தொலைபேசித் திரையிலே வீட்டுக்குள் வந்து அமர்ந்துகொண்டது. ஊரார் வாசற்கதவைச் சாத்தினர். அவர் ஜன்னல் வழியாக நுழைந்தார்.

அதன் பின் நடந்ததையும் மறத்தலாகாது. 2019 மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும், குண்டோடு எவ்விதத் தொடர்புமில்லாத முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2020 இல் கொரோனா நோயால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டன. பிறந்து இருபதே நாளான ஒரு சிசுவின் உடலும் பெற்றோரின் மனத்துக்கு மாறாக எரியூட்டப்பட்டது. 2021 பெப்ரவரியிலேதான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதற்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை 2024 ஜூலையில் தீர்மானித்தது. ஒரு வெறிக்கு மறுமொழியாக இன்னொரு வெறி எழுந்தபோது, மீண்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களின் வயிறே எரிந்தது.

சாய்ந்தமருதுக்குத் தெற்கே, அதனை அடுத்திருக்கும் ஊர் காரைதீவு. அங்கே 1892 இல் பிறந்தவர் சுவாமி விபுலாநந்தர். கல்முனையில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், மட்டக்களப்பிற் கத்தோலிக்கரின் புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்றவர். 1924 இல் இராமகிருஷ்ண மடத்திற் துறவறம் பூண்டவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர். 1947 இல் யாழ் நூலை அரங்கேற்றியவர். மிஷன் பாடசாலையிற் கற்றதனால் அவர் தம் சமயத்தை இழக்கவில்லை. தம் சமயத்தில் ஊன்றி நின்றதனால் தமக்குக் கற்பித்த பாதிரிமாரை வெறுக்கவுமில்லை. ஒரே கடற்கரை, அருகருகே இரண்டு ஊர்கள். ஒன்றில் ஒரு பிள்ளை உலகம் போற்றும் துறவியானதும், மற்றதில் ஆறு பிள்ளைகள் பெரியோரின் வெறியில் மாண்டதும், காலம் வேறுபட்டாலும், ஒரே கேள்வியை நம்முன் வைக்கின்றன: சமயம் என்ற பெயரில் பிள்ளையின் கையில் நாம் எதனை வைக்கின்றோம்?

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

மண்டபம் முகாமைக் கடந்து இந்தத் தீவுக்கு வந்த நம் முன்னோர் ஏட்டுச் சுவடி எதனையும் கொண்டுவரவில்லை. மாரியம்மனைக் கொண்டுவந்தனர், மதுரைவீரனையும் முனியாண்டியையும் கொண்டுவந்தனர். மசக்கையில் நலிந்த பெண்ணுக்கு வேப்பிலையும், கவ்வாத்துக் கத்தி எடுக்குமுன் மலையில் ஒரு தேங்காயும், தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்துக்கு ரோதமுனி என்றொரு காவல் தெய்வமும் அவர்கள் நம்பிக்கையிலே பிறந்தன. மாசியிற் காமன் கூத்தும், விடிய விடிய அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் ஆடி, உழைத்து ஓய்ந்த உடம்புகள் ஓரிரவாயினும் தாமும் மனிதர் என்று உணர்ந்தன. துரையின் காலத்திற் பெயரின்றிச் செக்ரோல் இலக்கமாக வாழ்ந்தவர்கள் சாமி முன்னிலையிற் பெயர் சொல்லி அர்ச்சனை செய்தனர். இப்படிக் கையளிக்கப்பட்ட சமயத்தைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை.

ஆனால் ஒரு குறை இருந்தது. ‘எதற்காக?’ என்ற கேள்விக்கு நம் வீடுகளில் விடையில்லை. பெரியவர்கள் செய்தார்கள், நாமும் செய்ய வேண்டும் என்பதே விடை. அதற்குப் பெற்றோரை நோவதிற் பயனில்லை. விடியுமுன் எழுந்து, பிள்ளைக் காம்பராவிற் குழந்தையை விட்டுப் பிரட்டுக்கு ஓடி, அந்தியிற் கொழுந்து நிறுத்துத் திரும்பும் தாய்க்குத் தத்துவம் பேச நேரமேது? அவளுக்கு யார் கற்பித்தார்கள்?

எம் வாழ்வில் நடந்த இரண்டு செயல்களை, வெட்கத்தோடாயினும், இச்சபையிற் சொல்ல வேண்டும்.

பத்து வயதில் வகுப்புத் தோழன் ஒருவன், “உங்க சாமி கல்லுதானே?” என்றான். அவன் கெட்டவன் அல்லன். எங்கோ கேட்டதைச் சொன்னான். நமக்கோ மறுமொழி சொல்லத் தெரியவில்லை. மாலையில், இடுப்பிற் கட்டிய படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். “அதெல்லாம் எனக்கு என்னா தெரியும் சாமி? பூசாரிகிட்டக் கேளு” என்றார். பூசாரி, “சாமியப் பத்திக் கேள்வி கேட்டா கண்ணு குத்தும்” என்றார். அத்தோடு கேட்பதை விட்டுவிட்டோம். அந்த ஆண்டு பாடசாலைப் பரிசளிப்பு விழா வந்தது. புறப்படும் நேரத்தில் அம்மாவிடம், “இன்னைக்கு மட்டும் துன்னூறு பூசாம வாம்மா” என்றோம். அவர் எம்மை ஒருமுறை பார்த்தார். பின் முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் உடன் வந்தார். அன்று நமக்குக் கிடைத்த பரிசு என்ன புத்தகம் என்பது மறந்துவிட்டது. அந்த வெறும் நெற்றி மறக்கவில்லை.

ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவ்வாறு செய் என்று பாடசாலையில் எவரும் எமக்குச் சொல்லவில்லை. ஆசிரியர்கள் அன்புடையவர்கள், சைவநெறிப் பாடத்தை எமக்குத் தனியே நடத்துவித்தவர்கள். வெட்கம் எம் உள்ளிருந்தே வந்தது.

இரண்டாவது செயல் சில ஆண்டுகளின் பின் நடந்தது. எங்கள் லயத்துக்கு மேலே ஒரு குடும்பம் கிறிஸ்தவ சபையொன்றிற் சேர்ந்தது. வீட்டோடு ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு ஞாயிறு மாலையில் ஜெபம் நடத்தினர். திருவிழா வரி கொடுக்க மறுத்தனர் என்றும், காப்புக் கட்டிய நாளில் உரத்துப் பாடினர் என்றும் பேச்சு எழுந்தது. இளைஞர்களின் கைத்தொலைபேசிகளில் காணொளிகள் சுற்றின. கடல் கடந்து எங்கோ எடுத்த படங்கள். கோயிலை இடிக்கிறார்கள், பெண்களைக் கடத்துகிறார்கள், நம்மை அழிக்கப் போகிறார்கள் என்ற கூச்சல்கள். ஒரு ஞாயிறு இருட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தக் கொட்டகைக்கு முன்னே போய் நின்றனர். நாமும் நின்றோம். யாரோ ஒரு கல்லை எறிந்தார். தகரத்தில் அது விழுந்த ஓசையோடு உள்ளே பாட்டு நின்றது. ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. அந்தக் குரல் நமக்குத் தெரியும். மாலை வகுப்பில் நம்மிடம் கணக்குப் படிக்க வரும் சிறுமியின் குரல் அது.

கல்லை எறிந்தவர் நாம் அல்லர். ஆனால் எறியாதே என்று சொல்லவும் இல்லை.

வீடு திரும்பியபோது அம்மா விளக்கைக்கூட ஏற்றாமல் வாசற்படியில் இருந்தார். “ஏன்டா, அந்தக் கல்ல எறியச் சொல்லி எந்தச் சாமி சொன்னுச்சு?” என்று கேட்டார். முன்பு எம் கேள்விக்கு விடை தெரியாது என்று சொன்னவர் கேட்ட இந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இல்லை.

சபையோரே, அன்றிரவு ஒன்று விளங்கியது. தாயின் நெற்றித் திருநீற்றைத் துடைக்கச் சொன்ன சிறுவனும், கல்லெறிந்த கூட்டத்தில் நின்ற இளைஞனும் வேறு வேறு ஆட்கள் அல்லர். முன்னவனுக்குத் தன் சமயம் தெரியாததால் வெட்கம் வந்தது. பின்னவனுக்கு அதே சமயம் தெரியாததால் வெறி வந்தது. தன் வீட்டில் என்ன உண்டு என்று அறிந்தவன் அடுத்தவன் பாட்டைக் கேட்டு அஞ்சமாட்டான். வெறுங்கையோடு வளர்ந்த நம் கையில் முதலில் வந்து சேர்ந்தது கல்லாக இருந்தது. நம் பெற்றோர் நமக்கு வெறுப்பைக் கற்பிக்கவில்லை. அதற்காக அவர்களை வணங்குகின்றோம். ஆயினும் கற்பிக்காது விட்ட இடம் வெற்றிடமாக இருப்பதில்லை. அதனை நிரப்ப இரவும் பகலும் ஆட்கள் காத்திருக்கின்றனர்.

அந்தக் குடும்பம் ஏன் சபைக்குப் போயிற்று என்பதையும் பிறகே அறிந்தோம். வீட்டுத் தலைவர் குடிக்கு அடிமை. மூத்த பிள்ளை காய்ச்சலிற் பதுளை ஆஸ்பத்திரியிற் கிடந்த நாட்களிற் சபையார் முறைவைத்துத் தாயோடு இருந்தனர். வீட்டிலிருந்த சின்னப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தனர். அந்த மனிதர் குடியை விட்டதும் அவர்களாலேதான். கோயிற் பக்கத்திலிருந்து அந்த வீட்டுக்கு நாம் எத்தனை முறை போனோம்? ஆண்டுக்கு ஒருமுறை, வரிப் புத்தகத்தோடு. மதமாற்றம் என்று மேடையில் முழங்குமுன் இந்தக் கணக்கையும் நாம் பார்க்கவேண்டாவா? பணத்தையோ பொருளையோ காட்டி ஏழையின் நம்பிக்கையை விலை பேசுவது தவறே; அதனை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் துன்பத்தில் உடனிருந்தவரை விலை பேசியவர் என்று சொல்வதும் தவறு. இந்நாட்டின் அரசியலமைப்பு, 1978 இலிருந்து, தன் 10 ஆம் உறுப்புரையில், தான் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை ஒவ்வொருவர்க்கும் அளித்திருக்கின்றது. அது நம்மைக் காக்கும் சட்டம், அவர்களையும் காக்கும்.

அப்படியாயின் சமயத்தைக் காக்க நாம் ஒன்றுமே செய்யலாகாதா என்று இளைஞர் கேட்பர். செய்தவர் இருக்கின்றனர். நல்லூர் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தைத் தமிழாக்கியபோது உடனிருந்து உதவியவர். மிஷனரிமார் பிள்ளைகளை எவ்வாறு கவர்ந்தனர் என்பதை அருகிலிருந்து கண்டார். பாடசாலையும், அச்சுப் புத்தகமும், பிள்ளைக்கு விளங்கும் வினாவும் விடையும் என்பதே அவர் கண்ட இரகசியம். 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், பாலபாடம் எழுதினார், சைவ வினாவிடை எழுதினார். கண்டன நூல்களில் அவர் எழுத்துக் கடுமையானதுதான். ஆயினும் நின்று நிலைத்தது அவர் தொடங்கிய பாடசாலை முயற்சி. கேள்வி கேட்டாற் கண் குத்தும் என்று அவர் சொல்லவில்லை. கேள்வியையே பாடப் புத்தகமாக்கினார்.

சுவாமி விவேகாநந்தர் 1893 செப்டம்பரிற் சிக்காகோவில் மதவெறிக்கு எதிராகப் பேசியதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றோம். 1897 ஜனவரியில் அவர் நம் நாட்டுக்கு வந்தபோது நடந்த ஒன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. அநுராதபுரத்தில் அவர் சொற்பொழிவாற்றத் தொடங்கியதும், பௌத்தர் கூட்டமொன்று பறை முதலியவற்றை முழக்கிப் பேச்சை நடத்தவிடாது தடுத்தது. கூடியிருந்த இந்துக்கள் கொதித்தனர். கலகம் மூளும் நிலை. பொறுமை காக்குமாறு சுவாமிகள் தம்மவரையே வேண்டிக்கொண்டார். சிக்காகோவிற் சொன்னதைச் செய்துகாட்டும் நாள் அவருக்கு அநுராதபுரத்தில் வந்தது. நமக்கு அந்த நாள் ஒரு தகரக் கொட்டகையின் முன் வந்தது; நாம் தவறிவிட்டோம்.

வெறி பிற சமயத்தார் மேல் மட்டும் பாய்வதன்று என்பதையும் பெரியோர் அறிவர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்கள் பிற மதத்தவரா? அதே முருகனைக் கும்பிட வந்த சைவர்கள். தாழ்ந்த சாதியார் என்பதே அவர்மேற் சுமத்திய குற்றம். நம் தோட்டங்களிலும் யார் சாமி தூக்குவது, யார் தப்பு அடிப்பது என்று லயத்துக்கு லயம் பார்த்த காலம் வெகு தொலைவில் இல்லை. சாமி முன்னிலையிலேயே ஒருவனைத் தள்ளி நிற்கச் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அயற் சமயத்தானை வெறுக்க வேறு ஆசிரியர் வேண்டியதில்லை.

பெற்றோர் கையளிக்கும் பொருள்களுள் நினைவும் ஒன்று. 1983 ஜூலை 27 ஆம் திகதி பதுளைக் கடைவீதி எரிந்தது. அன்றே தீ ஹாலிஎலைக்கும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் பரவி, இரவில் லுணுகலையை எட்டியது. அதனைக் கண்ணாற் கண்டவர்கள் இம்மண்டபத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். அது இனவெறி, மதவெறிக்கு உடன்பிறந்தது. எங்கள் தாத்தா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தார். வந்தவர்கள் கடையை எரித்ததைச் சொன்ன அதே மூச்சில், கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பமொன்று பாட்டியையும் பிள்ளைகளையும் நெல்மூட்டைகளின் பின்னே மறைத்து வைத்து, வாசலில் வந்து கேட்டவர்களுக்கு இங்கே எவரும் இல்லை என்று சொன்னதையும் சொல்வார். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்லமாட்டார். “ரெண்டையும் சொல்லணும், ஒண்ண மட்டும் சொன்னா அது பொய்” என்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிள்ளைக்கு நினைவைக் கையளிக்கும் முறையை அவரிடமே நாம் கற்றோம்.

நாம் வாழும் ஊவா மாகாணத்திலேதான் கதிர்காமம் இருக்கின்றது. அங்கே முருகன் என்று தமிழரும், கதரகம தெய்யோ என்று சிங்களவரும் வணங்குவது ஒரே சந்நிதி. தெய்வானை அம்மன் கோயிலிலிருந்து சிறிது நடந்தாற் பள்ளிவாசல். திருவிழாக் காலத்தில் அங்கும் கொடி ஏறுகின்றது. கிழக்குக் கரையோரமாகக் காட்டு வழியே நடந்து வரும் யாத்திரிகரிடம், தாகத்துக்கு நீர் கொடுப்பவர் நீ எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. இந்த ஒற்றுமையும் தானே காப்பாற்றப்படும் என்று எண்ணுவது பிழை. பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, இது நம் கோயில், அது அவர்கள் பள்ளிவாசல், செருப்பை இங்கேயும் கழற்று, அங்கேயும் கழற்று என்று காட்டிக் கொடுத்த பெற்றோர்களால் அது இத்தனை காலம் நின்றது.

இனி நாம் செய்யத்தக்கவற்றுட் சிலவற்றைப் பணிவோடு கூறுவோம்.

முதலாவது, வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம். விளக்கேற்றி, திருநீறு பூசி, ஒரு பாட்டுப் பாடியபின், அதன் பொருள் என்ன என்று பெற்றோரும் பிள்ளைகளும் பேசுதல் வேண்டும். தெரியாதாயின் தெரியாது என்று சொல்லலாம், அதில் இழிவில்லை. “எனக்குத் தெரியலப்பா, வா, கேட்டுப் பார்ப்போம்” என்ற ஒரு சொல் போதும். பிள்ளை கேள்வியோடு வெளியே போய்ப் பிறர் வலையில் விழாமல், கேள்வியோடு வீட்டுக்கே திரும்பிவரும்.

இரண்டாவது, பிள்ளைகள் முன்னிலையிற் பிற சமயத்தாரை இழித்துப் பேசாதிருத்தல். உணவு வேளையில் விளையாட்டாகச் சொல்லும் இழிசொல் பிள்ளையின் மனத்தில் விளையாட்டாக நிற்பதில்லை.

மூன்றாவது, அறநெறிப் பாடசாலை. மனப்பாடப் போட்டியோடு நிற்காமல், அங்கு பிள்ளைகள் கேள்வி கேட்க ஒரு வேளை ஒதுக்கவேண்டும். அயற் சமயங்களைப் பற்றி மதிப்போடு சொல்லித்தரவும் வேண்டும். மிஷன் பாடசாலையில் நாம் கேட்ட நல்ல சமாரியன் கதை எம்மைக் கிறிஸ்தவராக்கவில்லை; வழியில் விழுந்து கிடப்பவனைக் கண்டால் நிற்க வேண்டும் என்று கற்பித்தது. அவ்வளவே.

நான்காவது, கைத்தொலைபேசி. காணொளி ஒன்று கோபத்தை மூட்டினால், இதனை எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்கும் பழக்கத்தை இளைஞராகிய நாம் நம் தம்பி தங்கையருக்குக் கற்பிக்கவேண்டும். பெற்றோர்க்குத் தெரியாத இந்த வேலை நம்முடையது.

ஐந்தாவது, பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைக்கு வழிகாட்டுதல் பெற்றோரின் உரிமை; வளர வளரத் தானே சிந்தித்தல் பிள்ளையின் உரிமை. 1989 இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற சிறுவர் உரிமைச் சாசனமும் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்கின்றது; 1991 இல் இலங்கையும் அதனை ஏற்றது. நீங்கள் வேண்டியவாறெல்லாம் கற்பித்த பின்னரும் ஒரு பிள்ளை வேறு வழி செல்லக்கூடும். அப்போது கதவைச் சாத்தாதீர்கள். தகப்பனின் சாவுக்குக் கொள்ளி வைக்க வரவில்லை என்ற கோபத்தில் இருபது ஆண்டு பேசாதிருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அன்பை அறுத்துக்கொண்டு காப்பாற்றும் சமயம் யாருக்குப் பயன்படும்?

முடிக்குமுன் அந்தத் தகரக் கொட்டகைக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். ஒரு கிழமை கழித்து அம்மா சொல்லி நாமும் இன்னும் இருவரும் புதுத் தகரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனோம். வீட்டுக்காரர் உள்ளே அழைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். தகரத்தைப் பார்த்து, “தகரம் கெடக்கட்டும் தம்பி, புள்ளதான் ராவுல பயப்புடுது” என்றார். அந்தச் சொல்லுக்கு ஈடாகக் கொடுக்க எம்மிடம் எதுவும் இருக்கவில்லை. அச்சிறுமி மாலை வகுப்புக்குத் திரும்பி வர நான்கு மாதம் ஆயிற்று. வந்த அன்று கணக்குக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, “அண்ணே, அன்னைக்கு நீங்களும் நின்னீங்களா?” என்று கேட்டாள். “நின்னேன்” என்றோம். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடங்கினாள்.

எம் அம்மா இன்று இச்சபையிற் பின் வரிசையில் இருக்கின்றார். காலையிற் புறப்படும்போது திருநீற்றுத் தட்டை நாமே எடுத்து நீட்டினோம்.